அடிபட்ட தலையும் அடுத்த 48 மணி நேரமும்

சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையும் விருத்தாசலம்–சேலம் சாலையும் வேப்பூர் கூட்டுரோட்டில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. அதைச் சுற்றியுள்ள நல்லூர் ஒன்றியத்துக் கிராமங்களிலிருந்து விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளுக்கும் சந்தைக்கும் கல்லூரிக்கும் போய்வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இருசக்கர வண்டிதான் துணை. வண்டி சறுக்கி ஒருவர் விழுந்ததும் ஓடிவருகிறவர்கள் முதலில் பார்ப்பது மண்டை உடைந்திருக்கிறதா என்பதைத்தான். ரத்தம் இல்லை, ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டார், பேர் கேட்டால் சொல்கிறார் என்றால் சோடா வாங்கிக் கொடுத்து, "நல்லாத்தான் பேசுறாரு, ஒண்ணும் இல்ல" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சூளையிலிருந்து எடுத்த பீங்கானை விரலால் சுண்டிப் பார்த்து, ஓசையைக் கொண்டே விரிசல் உண்டா இல்லையா என்று அந்த நிமிடமே சொல்லிவிடலாம். தலையையும் அப்படியே சோதித்துவிடலாம் என்று எண்ணிக்கொள்கிறோம். தலைக்காயத்தின் ஆபத்து விழுந்த நிமிடத்து நிலையில் தெரிவதில்லை. அடுத்தடுத்த மணி நேரங்களில் அந்த நிலை தேறுகிறதா, தேய்கிறதா என்பதில்தான் தெரிகிறது. இந்த அத்தியாயம் நிறுவ முயல்வது அதைத்தான்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குச் சில எண்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். தலைக்கவசம் அணியாமல் போய் இறந்த இருசக்கர வாகனக்காரர்களும் பின்னால் அமர்ந்தவர்களும் நாடு முழுவதும் 50,029 பேர். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகள், மூளைக்காயங்களில் ஏறத்தாழ 60 விழுக்காடு சாலை விபத்தால் நேர்பவை என்று காட்டின. அதற்கு அடுத்தபடியாக வருவது கீழே விழுதல். விபத்து என்றவுடன் நெடுஞ்சாலையை மட்டும் நினைத்துக்கொள்ளக் கூடாது. மாடிப்படியும் தென்னை மரமும் குளியலறையும் இந்தக் கணக்கில் உண்டு.

நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் சில மணி நேரத்தில் நினைவிழப்பது ஏன்? வளர்ந்தவரின் மண்டையோடு விரியாத பெட்டி. அதற்குள் மூளை, ரத்தம், மூளைத் தண்டுவடத் திரவம் மூன்றும் இடத்தைப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தாக வேண்டும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மன்ரோ, கெல்லி என்ற இரு மருத்துவர்கள் 200 ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துச் சொன்ன விதி இது. காதுக்குச் சற்று முன்னால், நெற்றிப்பொட்டில், மண்டையோடு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. அங்கே அடிபட்டு எலும்பு கீறி அந்தத் தமனி கிழிந்தால், எலும்புக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே ரத்தம் சேரத் தொடங்கும். முதலில் அதனால் எந்தத் தொந்தரவும் தெரியாது. ரத்தக்கட்டு வளர வளர, தண்டுவடத் திரவம் கீழே இறங்கியும் சிரை ரத்தம் வெளியேறியும் இடம் விட்டுக்கொடுக்கின்றன. அதனால் தலைக்குள் அழுத்தம் பெரிதாக ஏறுவதில்லை. ஆள் பேசுகிறார், நடக்கிறார், சிலசமயம் சாப்பிடவும் செய்கிறார். விட்டுக்கொடுக்க இனி இடமில்லை என்ற கட்டம் வந்ததும், அதன் பிறகு சேரும் சில மில்லிலிட்டர் ரத்தமே அழுத்தத்தைச் செங்குத்தாக ஏற்றிவிடுகிறது. மூளையின் ஒரு பகுதி பிதுங்கி மூளைத்தண்டை நெருக்குகிறது. கண்ணுக்குப் போகும் நரம்பு அதில் மாட்டிக்கொள்வதால் ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிந்து நிற்கிறது. நடுவில் இருந்த அந்தத் தெளிவான இடைவேளை குணமாகிவருவதன் அடையாளம் அல்ல. உடல் தன் கையிருப்பைச் செலவழித்துக்கொண்டிருந்த நேரம் அது.

கிரிக்கெட் பார்ப்பவர்கள் ராமன் லாம்பாவை மறந்திருக்க மாட்டார்கள். 1998 பிப்ரவரி 20 அன்று டாக்காவில், உள்ளூர் ஆட்டமொன்றில், தலைக்கவசம் இல்லாமல் மட்டையாளருக்கு மிக அருகில் நின்றிருந்தார். பந்து தலையில் பட்டுத் தெறித்தது. எழுந்தார், தன் காலாலேயே நடந்து ஓய்வறைக்குப் போனார். அங்கே நிலைமை வேகமாக மோசமானது. அறுவை செய்தும் பிப்ரவரி 23 அன்று இறந்துபோனார். வயது 38. 2009 மார்ச்சில் பிரிட்டிஷ் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் கனடாவில் பனிச்சறுக்குப் பயிற்சியில் விழுந்தபோதும் இதேதான் நடந்தது. தனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி மருத்துவ உதவியை மறுத்தார். சிறிது நேரத்தில் தலைவலி வந்தது, இரண்டு நாளில் உயிர் போயிற்று. மேலே விவரித்த அதே வகை ரத்தக்கட்டுதான் காரணம். இவர்களுக்கு நேர்மாறாக, 1962இல் பார்படாஸில் சார்லி கிரிஃபித்தின் பந்தால் மண்டையோடு உடைந்த இந்திய அணித் தலைவர் நரி கான்ட்ராக்டருக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம் வந்தது. பார்த்தவுடனே பயம் தரும் காயம். ஆகவே உடனடியாக அறுவை நடந்தது, பல நாள் நினைவின்றிக் கிடந்தவர் பிழைத்தார். பிறகு அவர் மண்டையில் உலோகத் தகடு பொருத்தியவர், வேலூர் சி.எம்.சி.யில் 1949இல் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கிய ஜேக்கப் சாண்டி. தகட்டோடு கான்ட்ராக்டர் 60 ஆண்டுகள் வாழ்ந்த பிறகு 2022இல்தான் அதை எடுத்தார்கள். மூன்று பேரை வைத்துப் புள்ளிவிவரம் போட முடியாதுதான். ஆனால் பார்வைக்குக் கொடூரமாக இருக்கும் காயமும் உயிரைப் பறிக்கும் காயமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இவை போதும்.

அடிபட்டவரே "எனக்கு ஒண்ணும் இல்ல" என்கிறாரே, அவருக்குத் தெரியாதா என்று கேட்கலாம். கால் ஒடிந்தால் காலைப் பற்றி மூளை சொல்லும். மூளையில் அடிபட்டால், தன் நிலையை எடைபோடும் உறுப்பே பழுதாகியிருக்கிறது. அதன் சான்றை அப்படியே ஏற்க முடியாது. அதேபோல, பேர் கேட்பதும் பலவீனமான சோதனை. சொந்தப் பேர், ஊர், அப்பா பேர் எல்லாம் மிக ஆழமாகப் பதிந்தவை, கலங்கிய மூளையிலிருந்தும் வந்துவிடும். ஆஸ்திரேலியக் கால்பந்து வீரர்களிடம் மடக்ஸ் என்ற நரம்பு உளவியலாளர் செய்து 1995இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாக்கியது. பேர், பிறந்த தேதி போன்ற கேள்விகளை விட, இப்போது எந்த மைதானத்தில் இருக்கிறோம், கடைசியாகப் புள்ளி எடுத்தது யார் என்பன போன்ற அண்மை நினைவுக் கேள்விகளே மூளை அதிர்ச்சியைக் கண்டுபிடித்தன. வேப்பூர் சாலையோரத்துக்கு அதை மாற்றிக்கொள்வது எளிது. எங்கிருந்து வந்துகொண்டிருந்தீர்கள், கடைசியாகப் போனில் யாரிடம் பேசினீர்கள், விழுந்தபின் உங்களைத் தூக்கி உட்காரவைத்தது யார்? இவற்றுக்குப் பதில் வராவிட்டாலும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "என்ன ஆச்சு, எப்படி விழுந்தேன்" என்று அதே கேள்வியையே அவர் திரும்பத் திரும்பக் கேட்டாலும், மூளைக்கு அதிர்ச்சி ஏற்பட்டிருக்கிறது.

மருத்துவமனைகள் உலகம் முழுவதும் பயன்படுத்தும் கிளாஸ்கோ அளவீடும் இந்த வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. டீஸ்டேல், ஜென்னட் இருவரும் 1974இல் உருவாக்கியது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6 என்று மொத்தம் 15 மதிப்பெண். குறைந்தபட்சம் 3. அதைப் பரீட்சை மதிப்பெண் போல ஒருமுறை போட்டு முடித்துவிடுவதற்காக அவர்கள் செய்யவில்லை. வெவ்வேறு செவிலியர்கள் வெவ்வேறு நேரத்தில் பார்த்தாலும் ஒப்பிட முடியும்படி, திரும்பத் திரும்பக் குறித்து வரைபடமாக்குவதற்காகச் செய்தார்கள். 15 எடுத்தவர் ஒரு மணி நேரம் கழித்து 13க்கு இறங்கினால், 13லேயே நிலையாக இருப்பவரை விட அவரைப் பற்றித்தான் மருத்துவர் அதிகம் கவலைப்படுவார்.

வீட்டில் இருப்பவர்கள் பார்க்க வேண்டியதும் இந்த இறக்கத்தைத்தான். தலைவலி இருப்பது இயல்பு, அது நேரம் போகப்போகக் கூடிக்கொண்டே போவது இயல்பல்ல. அடிபட்ட வேகத்தில் ஒருமுறை வாந்தி வரலாம், மறுபடியும் வந்தால் கிளம்ப வேண்டும். பேச்சு குழறுவது, சம்பந்தமில்லாமல் பேசுவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, நடை தள்ளாடுவது, பார்ப்பவை இரண்டாகத் தெரிவது, வலிப்பு, கண் சொருகுவது, எழுப்பினாலும் எழாத தூக்கம் இவை எல்லாம் அவசரம். வழக்கமாகச் சாந்தமானவர் காரணமில்லாமல் அடிக்க வருவதும் இதே பட்டியலில் சேரும், அதைக் கோபம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. மூக்கிலோ காதிலோ தண்ணீர் போலத் தெளிவாக ஏதேனும் வடிந்தால் அது சளி என்று எண்ண வேண்டாம். மண்டையோட்டின் அடித்தளம் உடைந்து தண்டுவடத் திரவம் ஒழுகிக்கொண்டிருக்கலாம். ஓரிரு நாளில் காதுக்குப் பின்னாலோ இரு கண்களைச் சுற்றியோ கருநீலமாகக் கன்றிப்போவதும் அதே உடைவின் அடையாளம். கைக்குழந்தை தன் தலைவலியைச் சொல்லாது. ஓயாமல் அழுவதும், பால் குடிக்காததும், உச்சிக்குழி புடைப்பதும்தான் அதன் மொழி. காது வழியாக ரத்தம் வந்துவிட்டால் "கெட்ட ரத்தம் வெளியே போயிடுச்சு, உள்ள தங்கல" என்று ஆறுதல் சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த ரத்தம் உடைவின் அடையாளமே தவிர வடிகால் அல்ல.

இங்கே நியாயமான ஓர் எதிர்ப்பு எழும். தலையில் இடித்துக்கொள்ளாத ஆள் உண்டா? அத்தனை பேரையும் ஸ்கேனுக்கு அனுப்பினால் வீண் செலவு, வீண் கதிர்வீச்சு, வீண் பயம். உண்மை. லேசான தலைக்காயங்களில் மிகப் பெரும்பாலானவை அறுவை எதுவுமின்றி ஆறிவிடும். அப்படி ஆறாத சிறுபான்மையைப் பிரித்தெடுக்கும் வழியைத்தான் மருத்துவம் தேடியது. கனடாவில் இயன் ஸ்டீல் குழுவினர் 2001இல் வெளியிட்ட சி.டி. ஸ்கேன் விதி, நினைவு தப்பியோ குழம்பியோ போன பெரியவர்களில் யாருக்கு ஸ்கேன் தேவை என்று வரையறுத்தது. இரண்டு மணி நேரம் ஆகியும் முழுத் தெளிவு வராதவர், மண்டையோடு உடைந்த அடையாளம் உள்ளவர், இரண்டு முறையோ அதற்கு மேலோ வாந்தியெடுத்தவர், 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர் ஆகியோர் முதல் வரிசை. விபத்துக்கு முந்தைய அரை மணி நேரம் மறந்துபோனவர், வாகனத்திலிருந்து தூக்கியெறியப்பட்டவர், வாகனம் மோதிய பாதசாரி, உயரத்திலிருந்து விழுந்தவர் அடுத்து. ரத்தம் உறையாமைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த விதிக்கே வெளியே நிற்கிறார்கள், அவர்களுக்கு ஆபத்து கூடுதல். கவனித்தால், இந்த விதியும் அனைவரையும் அனுப்பச் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம், இரண்டு வாந்தி என்று காலத்தையே அளவுகோலாக வைத்திருக்கிறது.

ஆனால் அந்த விதி உருவானது பெரிய மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில், ஸ்கேன் கருவி அருகிலேயே இருக்கும் கட்டடத்தில். நல்லூர் ஒன்றியத்துக் கிராமம் ஒன்றில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதே இரண்டு மணி நேரம் காத்திருப்பது வேறு விஷயம். மூளை அறுவை நடக்கும் இடம் புதுச்சேரி ஜிப்மரானாலும் திருச்சியானாலும், சாலையில் மட்டுமே மணிக்கணக்கில் கழியும். 1981இல் அமெரிக்காவில் சீலிக் குழுவினர், மூளைக்கும் மேலுறைக்கும் நடுவே உடனடி ரத்தக்கட்டு ஏற்பட்ட 82 பேரை ஆராய்ந்தார்கள். நான்கு மணி நேரத்துக்குள் அறுவை நடந்தவர்களில் 30 விழுக்காட்டினர் இறந்தார்கள், அதன்பின் நடந்தவர்களில் 90 விழுக்காட்டினர். பின்வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். என்றாலும் மணி நேரங்கள் பொருட்டல்ல என்று யாரும் முடிவு கட்டவில்லை. 2019இல் வெளியான கிராஷ்-3 ஆய்வு 29 நாடுகளில் 12,737 பேரிடம் நடந்தது. ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலத்தை மூன்று மணி நேரத்துக்குள் செலுத்தியபோது, லேசான, நடுத்தரத் தலைக்காயக்காரர்களில் சாவு குறைந்தது. கடுங்காயக்காரர்களிடம் அந்தப் பலன் தெளிவாகத் தெரியவில்லை. பார்ப்பதற்கு அதிகம் மோசமாகத் தெரியாதவர்களே சீக்கிரம் வந்தால் அதிகம் பயன்பெறுகிறார்கள். எனவே தொலைவில் இருப்பவர்கள் காத்திருக்கும் நேரத்திலிருந்து பயண நேரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். சென்னையில் இருப்பவர் இரண்டாவது வாந்திக்குக் காத்திருக்கலாம். இங்கே, சில நிமிடம் நினைவு தப்பியிருந்தாலே 108ஐ அழைத்துவிடுவதுதான் கணக்குக்குச் சரிவரும்.

பணத்துக்கும் போலீசுக்கும் பயந்து தாமதிப்பவர்கள் அறிய வேண்டியவை இரண்டு. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடங்கியபோது வரம்பு 1 லட்சம் ரூபாய். காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும், வெளிமாநிலத்தவருக்கும் அது உண்டு, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. இரண்டாவது, 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு. நல்லெண்ணத்தோடு தூக்கிக்கொண்டு போனவர்மீது வழக்குப் போட முடியாது, தன் பேரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

"குடிச்சிருக்கான், தூங்கி எழுந்தா தெளிஞ்சிடும்" என்ற வாக்கியத்தால் போன உயிர்கள் அவசரப் பிரிவில் பணிபுரிபவர்களுக்குத் தெரியும். போதையும் மூளை ரத்தக்கசிவும் ஒரே மாதிரிதான் தோன்றும்: குழறல், தள்ளாட்டம், வாந்தி, உறக்கம். போதை மணிக்கு மணி இறங்க வேண்டும். இறங்காமல் ஏறினால் அது போதை அல்ல. நாள்பட்டுக் குடிப்பவரின் மூளை சற்றுச் சுருங்கியிருக்கும், ரத்தம் உறைவதும் தாமதமாகும். எனவே வாயில் வாடை அடிப்பது கவலையைக் கூட்ட வேண்டிய காரணம். தலைக்கவசம் போட்டிருந்தாரே என்பதும் முழு ஆறுதல் ஆகாது. தலைக்காயத்தை 69 விழுக்காடும் சாவை 42 விழுக்காடும் அது குறைக்கிறது என்று ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது, அதைவிட மலிவான பாதுகாப்பு வேறில்லை. ஆனால் தலை வேகமாகச் சுழன்று நிற்கும்போது உள்ளே மூளை முறுக்கிக்கொள்வதைக் கவசம் முற்றிலும் தடுக்காது. தலையில் அடிபட்டவரைத் தூங்கவிடக் கூடாது என்ற நம்பிக்கையிலும் பாதிதான் சரி. தூக்கம் மூளையைக் கெடுப்பதில்லை, தூக்கத்துக்கும் மயக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போவதே ஆபத்து. இடையிடையே எழுப்பினால் எழுந்து தெளிவாகப் பேசுகிறார் என்றால் தூங்கட்டும். தூக்க மாத்திரையும், மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வகை வலிமாத்திரையும் கூடாது. முன்னது அறிகுறியை மறைக்கும், பின்னவை ரத்தக்கசிவைக் கூட்டும்.

ஸ்கேன் சுத்தமாக வந்துவிட்டது, இனி என்ன? பெரும்பாலும் நிம்மதிதான். ஆனால் சி.டி. ஸ்கேன் ரத்தத்தையும் எலும்பையும் காட்டும் கருவி. நரம்பிழைகள் இழுபட்டு அறுந்திருப்பதையும் மூளை அதிர்ச்சியையும் அது பலசமயம் காட்டாது. முதியவர்களிடம் கதையே வேறு. வயதோடு மூளை சுருங்க, மண்டையோட்டுக்கும் அதற்கும் நடுவே உள்ள சிறு சிரைகள் இழுபட்டு நிற்கின்றன. குளியலறையில் வழுக்கி லேசாக இடித்துக்கொண்டாலே அவை கசியலாம். அந்தக் கசிவு மெல்ல மெல்லச் சேர்ந்து, மூன்று நான்கு வாரம் கழித்து, தாத்தா வேட்டி கட்டத் தடுமாறுகிறார், ஒரு காலை இழுத்து நடக்கிறார், பேரனின் பேரை மாற்றிச் சொல்கிறார். விழுந்ததையே அதற்குள் எல்லோரும் மறந்துவிட்டிருப்பார்கள். வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிற இந்த நிலை, மண்டையில் சிறு துளையிட்டுப் பழைய ரத்தத்தை வெளியேற்றினால் பெரும்பாலும் சீராகிவிடக்கூடியது. முதுமையின் மறதியைப் போலத் தோன்றுபவற்றில் இவ்வளவு நேரடியாகச் சரிசெய்யக்கூடியவை மிகச் சில. அதனால்தான் ஒரு முதியவரின் போக்கு சில நாட்களுக்குள் திடீரென மாறினால், கடந்த இரண்டு மாதத்தில் விழுந்தாரா என்ற கேள்வியை மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் குடும்பத்தாரே சொல்ல வேண்டும்.

உயிருக்கு ஆபத்து நீங்கிய இளைஞர்களிடம் மாதக்கணக்கில் நீடிக்கும் மாற்றங்கள் இன்னொரு வகை. வெளிச்சமும் சத்தமும் பொறுக்காது. இரண்டு பக்கம் படித்தால் களைத்துவிடும். சொன்னது மறக்கும், சிறு விஷயத்துக்குச் சீறுவார், தூக்கம் கெடும். வெளிக்காயம் ஆறிவிட்டதால் வீட்டில் இதைச் சோம்பல் என்கிறார்கள், திமிர் என்கிறார்கள், காத்து கறுப்பு என்று மந்திரிக்கவும் கூட்டிப்போகிறார்கள். 1848இல் அமெரிக்காவில் ரயில்பாதை வேலையில் இரும்புக் கம்பி தலையைத் துளைத்துச் சென்றும் பிழைத்த ஃபீனியஸ் கேஜின் குணம் மாறிப்போனதை அவருடைய மருத்துவர் பதிவு செய்தார். குணமும் மூளையின் வேலைதான் என்பதற்கு அதை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அதிகம் பேசப்படாத பகுதி, அவர் பின்னாளில் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார் என்பது. ஒழுங்கான அன்றாட வேலை அவரைத் தேற்றியிருக்கலாம் என்பது கேஜ் வரலாற்றை ஆழமாக ஆராய்ந்த மால்கம் மக்மில்லனின் கருத்து. இன்றைய மறுவாழ்வு மருத்துவமும் ஏறக்குறைய அதையேதான் செய்கிறது: முதல் ஓரிரு நாள் ஓய்வு, பிறகு தாங்கும் அளவுக்குச் சிறிது சிறிதாக வேலை, நடை, படிப்பு. தலைவலி கூடினால் ஒரு படி இறங்கல். முழுத் தெளிவு வருமுன் வண்டி ஓட்டுவதும், உயரத்தில் ஏறுவதும், சுழலும் எந்திரத்தின் முன் நிற்பதும் ஆகாது. முதல் அடி ஆறுமுன் விழும் இரண்டாவது அடியை மூளை முன்புபோலத் தாங்காது.

இந்த மாற்றங்களை ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவைப்பது எந்தப் படிக்காத வீட்டிலும் பள்ளிக்குப் போகும் பிள்ளையால் முடிந்த வேலை. என்றைக்கு விழுந்தார், எத்தனை நிமிடம் நினைவில்லை, எப்போது வாந்தி, எந்த வாரத்திலிருந்து எரிச்சல், எப்போது வேலைக்குத் திரும்பினார், எத்தனை நாள் தாக்குப்பிடித்தார். மறுபரிசோதனைக்குப் போகும்போது மருத்துவருக்குக் கிடைக்கும் முழுமையான தடயம் அதுவே. அதைக் கேட்டு அவர் மருத்துவப் பதிவேட்டில் குறித்துவைத்தால்தான், நாளைக்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், எக்ஸ்ரேயில் தெரியாத இந்தக் காயத்துக்கும் ஒரு சான்று இருக்கும்.